தபாலில் வரும் கையொப்பம்

மக்கள் திரட்டி வைத்து மகிழும் பொருள்கள் பலவகைப்படும். சிலர் பழங்காசுகளைத் திரட்டுவர். சிலர் தபால் தலைகளைத் திரட்டுவர். நம் கடற்கரையிற் பிறந்தோர் இளமையிற் சங்கும் சோழியும் சிப்பியும் திரட்டாதிருத்தல் அரிது. இவை எல்லாவற்றினும் வேறுபட்டது கையொப்பம் திரட்டல். காசும் சிப்பியும் தம்மை வைத்திருப்பார் இன்னார் என அறியா. கையொப்பமோ ஒருவர் மற்றொருவர்க்கென்று மனமுவந்து இட்டுத் தருவது. ஓய்வுபெற்ற விளையாட்டு வீரர்களுக்கு அவர்தம் உருவம் அச்சிட்ட அட்டையைத் தபாலில் அனுப்பி, அவர் கையொப்பத்துடன் அதனைத் திரும்பப் பெறும் பழக்கம் ஒன்று உலகில் நெடுநாளாக உண்டு. அது தோன்றிய வகையும், நடைபெறும் முறையும், அதனால் விளையும் பயனும் யாவை என்பதை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

முதற்கண் அட்டையின் வரலாற்றை அறிதல் வேண்டும். 1880-களில் ஐக்கிய அமெரிக்க நாட்டுப் புகையிலைக் கம்பெனிகள், சிகரெட்டுப் பெட்டி நசுங்காமலிருக்கும் பொருட்டு அதனுள் ஒரு கெட்டி அட்டையை வைத்தன. அதனை வெற்றட்டையாக விடுவானேன் என்று கருதி, நடிகர், வீரர் முதலியோர் படங்களை அதன்மேல் அச்சிட்டன. நம் நாட்டார்க்குக் கிரிக்கெட் எப்படியோ அப்படியே அந்நாட்டார்க்குப் பேஸ்பால். ஆதலால் பேஸ்பால் வீரர் படங்களுக்கே மதிப்பு மிகுந்தது. தந்தையர் புகைத்தனர், மைந்தர் அட்டைகளைச் சேர்த்தனர். இங்கிலாந்தில் வில்ஸ் கம்பெனியார் 1896-ஆம் ஆண்டில் 50 கிரிக்கெட் வீரர்களின் அட்டைகளை வெளியிட்டனர். ஜான் பிளேயர் கம்பெனியார் 1934-இலும் 1938-இலும் வெளியிட்ட கிரிக்கெட் அட்டைகள் இன்றும் பலரால் விரும்பித் தேடப்படுகின்றன. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், 1940-ஆம் ஆண்டளவில், காகிதத் தட்டுப்பாட்டினால் இங்கிலாந்தில் இவ்வழக்கம் நின்றுபோயிற்று. அமெரிக்காவிலோ புகையிலையின் இடத்தை மிட்டாய்க் கடைச் சூயிங்கம் பற்றிக்கொண்டது. டாப்ஸ் கம்பெனியார் 1952-ஆம் ஆண்டில் வெளியிட்ட 407 அட்டைகள் கொண்ட தொகுதி இக்கலையின் வரலாற்றில் ஒரு மைல்கல்லாகும். நம் நாட்டிலும் பபிள்கம்முடன் கிரிக்கெட் அட்டைகள் வந்த காலம் ஒன்று இருந்தது. அக்காலத்துச் சிறுவர் பலர் இன்று நம் பேராசிரியர் வயதினர்.

இவ்வட்டைகளுட் சில இன்று பெரும் பொருள் பெறும். 1909 முதல் 1911 வரை வெளியான தொகுதி ஒன்றில் ஹோனஸ் வாக்னர் என்னும் வீரரின் அட்டை மிகச் சிலவே அச்சாகி வெளிவந்தன. அவற்றுள் ஒன்று 2022-ஆம் ஆண்டில் 72½ லட்சம் டாலருக்குக் கைமாறிற்று. நிற்க. விலையைப் பற்றிய பேச்சு நம் கட்டுரைக்குப் புறம்பானது. தபால் வழிக் கையொப்பம் திரட்டுவோருட் பெரும்பாலோர் கையாளும் அட்டைகள் சில அணாக்களுக்கு மேல் பெறா என்று பழைய நாணயக் கணக்கிலே சொல்லலாம். அவர்கள் நாடுவது அட்டையின் விலையன்று. அதன்மேல் ஊர்ந்த கையையே.

அங்ஙனமாயின் இன்று ஆடுவோரை விடுத்து ஓய்வுபெற்றோரை நாடுவது ஏன் என்று வினவலாம். இதற்கு விடை எளிது. புகழுச்சியில் நிற்கும் வீரர்க்கு மூட்டை மூட்டையாகக் கடிதங்கள் வரும். அவற்றை அவர் காண்பதும் அரிது. அலுவலகத்தில் உள்ளார் ஒருவர் அச்சிட்ட கையொப்பத்தையோ, தாமே போலிசெய்து எழுதிய கையொப்பத்தையோ அனுப்பிவிடுவதும் உண்டு. ஆட்டம் ஓய்ந்தபின் நிலைமை மாறிவிடுகின்றது. ஆரவாரம் அடங்குகிறது, பத்திரிகை நிருபர் வருவதில்லை, சிற்றூரிலோ நகரத்தின் மூலையிலோ உள்ள தம் வீட்டுத் திண்ணையில் அவர் அமர்ந்திருக்கிறார். அந்நிலையில் தபால்காரர் கொணரும் கடிதத்தை அவரே பிரிக்கிறார், அவரே படிக்கிறார், அவரே பேனாவை எடுக்கிறார். முப்பது ஆண்டுகட்கு முன் தாம் ஆடிய ஓர் ஆட்டத்தை, தாம் கண்டறியாத ஊரில் உள்ள ஓர் இளைஞர் நினைத்து எழுதியிருக்கக் காணின் அவர் உள்ளம் எங்ஙனம் குளிரும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

கடிதத்தின் அருமை நம்மூரார்க்குப் புதிதன்று. 1914-ஆம் ஆண்டில் பாம்பன் பாலம் திறக்கப்பட்டுத் தனுஷ்கோடி வழி ஏற்படும் வரையில், சென்னையினின்று ரயிலில் வந்த பிரயாணிகளும் தபால் மூட்டைகளும் தூத்துக்குடித் துறைமுகத்திலேதான் நீராவிக் கப்பலேறிக் கொழும்புக்குச் சென்றனர். கடல் கடந்து வாழும் தந்தையின் எழுத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்ட வீடுகள் இக்கரையிற் பலவாகும். ஒருவர் கையெழுத்தைக் காண்பது அவரையே ஒருவாறு காண்பதாகும் என்பதனை அவ்வீடுகள் நன்கறிந்திருந்தன.

அக்கொழும்பிலே 1948-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், இங்கிலாந்து செல்லும் வழியில் ஆஸ்திரேலியக் கிரிக்கெட் குழுவினர் ஒருநாள் இறங்கி ஆடினர். அக்குழுவின் தலைவர் டான் பிராட்மன். ஆடுகளம் 22 கஜம் இருக்கவேண்டிய இடத்தில் 20 கஜமே இருந்தது என்பதைப் பின்னரே அளந்து கண்டனர்! அவ்வாண்டிலேயே தம் கடைசி டெஸ்ட் ஆட்டத்தை ஆடி முடித்த பிராட்மன், அதன்பின் ஏறக்குறைய அரை நூற்றாண்டுக் காலம் அடிலெய்டு நகரில் வாழ்ந்து 2001-ஆம் ஆண்டில் மறைந்தார். அந்நெடுங்காலம் முழுவதும் உலகின் பல பகுதிகளிலிருந்தும் அவர்க்குக் கடிதங்கள் வந்துகொண்டேயிருந்தன. நாள்தோறும் பல மணி நேரத்தை அவற்றிற்கு விடையெழுதவும் கையொப்பமிடவும் அவர் செலவிட்டார். அவருடைய டெஸ்ட் சராசரி 99.94. ஆஸ்திரேலிய ஒலிபரப்புக் கழகத்தின் தபால் பெட்டிக்கு 9994 என்னும் எண் அமைந்தது அதனை நினைவூட்டவே என்பர். அந்நாட்டார் அவர் புகழைத் தபால் விலாசத்திலேயே பொறித்துவிட்டனர்!

பேஸ்பால் உலகில் ஹார்மன் கில்லிபுரூ என்பார் ஒருவர் இருந்தார். பந்தை எல்லைக்கப்பால் அடித்தோட்டும் 'ஹோம் ரன்' என்னும் அடியினை 573 முறை அடித்தவர். 2011-ஆம் ஆண்டில் மறைந்தார். அவருடைய கையொப்பம் ஒவ்வோர் எழுத்தும் விளங்கும்படி அமைந்திருக்கும். தம் பழைய குழுவைச் சேர்ந்த இளைய வீரர்கள் அவசரக் கிறுக்கலாகக் கையொப்பமிடக் கண்டால் அவர் பொறுப்பதில்லை. பெயரைப் படிக்கும்படி எழுதுதல் வேண்டும். பெறுகின்ற சிறுவன் பின்னொரு காலத்தில் இஃது யாருடையது என்று அறியவேண்டும் என்பது அவர் கருத்து. அவ்வறிவுரையைக் கேட்டுத் தம் கையெழுத்தைத் திருத்திக்கொண்ட வீரர்கள் அதனைப் பின்னர் நன்றியுடன் கூறியிருக்கின்றனர். கையொப்பமிடுவதும் ஒரு கடமையே என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

நம் நாட்டிலும் கையொப்ப ஆர்வம் குறைந்ததன்று. காந்தியடிகள் தம் கையொப்பம் வேண்டினாரிடம் 5 ரூபாய் பெற்று அதனை அரிஜன நிதியிற் சேர்த்துவந்தார். 1933-34-இல் ஜார்டின் தலைமையில் இந்தியாவிற்கு வந்த எம்.ஸி.ஸி. கிரிக்கெட் குழுவினர் 16 பேரிடம் விஜய் மெர்ச்சண்டின் சகோதரியார் லட்சுமி கையொப்பம் பெற்றிருந்தார். அப்புத்தகத்தைக் காந்தியடிகளிடம் நீட்டியபோது, அடிகள் ஏடுகளைப் புரட்டிப் பார்த்து, அந்த 16 பேருக்கும் கீழே 17-ஆவது ஆளாகத் தம் பெயரைப் பொறித்தார் என்பர். இங்கிலாந்துக் கிரிக்கெட் குழுவில் காந்தியடிகளும் ஒருவர்! கையொப்பப் புத்தகம் ஒன்றனுள் எத்துணை நகைச்சுவையும் எத்துணை வரலாறும் அடங்கும் என்பதை இதனால் அறியலாம்.

இனி, தபால் வழிக் கையொப்பம் பெறும் முறையைக் கூறுவோம். அனுப்புவதற்கு வேண்டுவன நான்கு: அட்டை, கடிதம், திரும்பி வருதற்குரிய கவர், பொறுமை. அட்டை கிடைக்காவிடின் பழைய பத்திரிகைப் படத்தைப் பிரதிசெய்து கெட்டிக் காகிதத்தில் அச்சிட்டுக்கொள்ளலாம். வழவழப்பான அட்டையில் பந்துமுனைப் பேனாவின் மை பற்றாது. ஆதலின் அழியாத மையுள்ள மெல்லிய மார்க்கர் ஒன்றையும் உடன் வைத்தல் நலம். கடிதம் கையால் எழுதப்படல் வேண்டும். ஒரு பக்கத்திற்கு மிகுதல் கூடாது. 'தாங்கள் பெரிய வீரர்' என்று பொதுப்படப் புகழ்வதினும், இன்ன ஆண்டில் இன்ன ஆட்டத்தில் தாங்கள் செய்த இன்ன செயல் என்று குறித்தெழுதுவதே சிறப்பு. அதனால், எழுதினவர் உண்மையாகவே கற்றறிந்து எழுதினார் என்பது விளங்கும். ஒன்றிரண்டு அட்டைகளுக்கு மேல் அனுப்புவது பேராசை. தம் விலாசத்தை எழுதி, எடைக்குத் தக்க தபால் தலை ஒட்டிய கவரை மடித்து உள்ளே வைத்தல் இன்றியமையாதது. கேட்பவர் நாம், செலவு அவருடையதாதல் முறையன்று.

விலாசத்தில் பின்கோடு எண் பிழையின்றி இருத்தல் வேண்டும். 1972-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் நாள் இம்முறை நம் நாட்டில் நடைமுறைக்கு வந்தது. ஆறிலக்கமுடைய அவ்வெண்ணின் முதலிலக்கம் பெரும்பகுதியையும், முதல் மூன்று இலக்கங்கள் தபால் பிரிக்கும் மாவட்டத்தையும், இறுதி மூன்றும் குறிப்பிட்ட தபாலாபீசையும் காட்டும். 628001 என்ற அளவிலே கடிதம் தூத்துக்குடிக்கு வந்து சேரும். அயல்நாட்டார்க்கு எழுதுவதிலே ஒரு தொல்லை உண்டு. நம் தபால் தலை அங்கே செல்லாது. இதற்காகவே அகில உலகத் தபால் சங்கத்தார் 1906-ஆம் ஆண்டில் ரோம் நகரிற் கூடி, மறுமொழிக் கூப்பன் என்னும் சீட்டை ஏற்படுத்தினர். இங்கே வாங்கி அனுப்பிய சீட்டைப் பெற்றவர் தம் ஊர்த் தபாலாபீசிற் கொடுத்துத் தபால் தலை பெற்றுக்கொள்வர். அச்சீட்டை இங்கிலாந்தும் அமெரிக்காவும் இப்போது விற்பதில்லை. ஆதலின் திரட்டுவோர் அந்தந்த நாட்டுத் தபால் தலைகளையே வாங்கி ஒட்டி அனுப்புகின்றனர்.

அனுப்பியபின் காத்திருத்தலே பெரும்பகுதி. சில கடிதங்கள் பத்து நாளில் மறுமொழி பெறும், சில பல மாதம் கழித்து, நாம் மறந்த வேளையில் வரும், சில வாரா. சில, 'விலாசதாரர் இல்லை' என்னும் குறிப்புடன் பிரிக்கப்படாமலே திரும்பும். 'காலமானார்' என்று எழுதித் திரும்பும் கடிதமும் உண்டு. அக்கடிதத்தைக் கையில் வாங்கும் இளைஞர் மனம் ஒரு கணம் திடுக்கிடாமற் போகாது.

இதனை நம் முத்துக்குளிப்போடு ஒப்பிடலாம். சங்க நூல்கள் கொற்கை முத்தின் சிறப்பைப் பாடின. அக்கொற்கையின் பெருமையைப் பிற்காலத்தில் ஏற்றது நம் தூத்துக்குடி. முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் சிப்பிகளை ஆயிரக் கணக்கில் குவித்து ஏலமிடுவர். எடுத்தவர்க்கு உள்ளே முத்து உண்டோ இன்றோ தெரியாது, பலவற்றுள் ஒன்றுமிராது. ஆயினும் ஒரு சிப்பியில் கிடைக்கும் நன்முத்து, திறந்த அத்தனை சிப்பிகளின் உழைப்பையும் மறக்கச்செய்யும். தபாலில் வரும் கையொப்பமும் அத்தன்மைத்தே. ஆனால் ஒப்புமை இவ்வளவில் முடியவில்லை. 1955 முதல் 1961 வரை நடந்த குளிப்புக்களுக்குப் பின்னர் நம் கடலிற் பெருமுத்துக்குளிப்பு நடைபெறவில்லை. பார்கள் வறண்டன. காலம் தாழ்த்தி வந்தவர்க்குச் சிப்பியும் கிட்டவில்லை. முதிய வீரர்களின் வாழ்நாளும் அத்தகைய முத்துப்பார் என்பதை மறத்தலாகாது.

இதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்றுகள் உள. 1934-ஆம் ஆண்டு நவம்பர் 4-ஆம் நாள் சென்னைச் சேப்பாக்கத்தில் ரஞ்சிக் கோப்பைப் போட்டியின் முதல் ஆட்டத்தின் முதற் பந்தை வீசியவர் எம். ஜே. கோபாலன். அவர் கிரிக்கெட்டிலும் ஹாக்கியிலும் இந்தியாவுக்காக ஆடியவர். 1936-இல் ஹாக்கிக் குழு பெர்லினுக்கும், கிரிக்கெட் குழு இங்கிலாந்துக்கும் சென்றன. கோபாலன் கிரிக்கெட்டையே தெரிந்தெடுத்தார். ஹாக்கிக் குழு தங்கப் பதக்கத்துடன் மீண்டது. அவருக்கோ இங்கிலாந்தில் ஒரு டெஸ்ட் ஆட்டமும் கிட்டவில்லை. அவர் 2003 வரை நம்மிடையே வாழ்ந்திருந்தார். அவர்க்கு ஒரு கடிதமெழுதி, அத்தேர்வைப் பற்றி ஒரு வரி பெற்று வைத்தவர் எத்துணைப் பேறுடையவர்! இனி அதனை யாரும் பெறவியலாது.

கோட்டா ராமசுவாமியின் கதை இதனினும் உருக்கமானது. 1922-இல் டேவிஸ் கோப்பை டென்னிஸில் இந்தியாவுக்காக ஆடிய அவர், 1936-இல் தம் 40-ஆம் வயதில் மான்செஸ்டரில் முதல் டெஸ்ட் ஆட்டமாடி, 40-உம் 60-உம் ஓட்டங்கள் எடுத்தார். 1985-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில், 89 வயதான அப்பெரியார் சென்னையிலுள்ள தம் இல்லத்தை விட்டு வெளியேறினார், பின்னர்த் திரும்பவில்லை. அவர் முடிவு இன்னதென யாரும் அறிந்திலர். இரு விளையாட்டுகளில் நாட்டின் பெயரைத் தாங்கிய ஒருவர், எந்தத் தபால்காரரும் கண்டுபிடிக்கவொண்ணாத விலாசத்திற்குச் சென்றுவிட்டார்.

இக்கலைக்குக் கேடு சூழ்வன இரண்டு. ஒன்று போலி, மற்றொன்று வாணிகம். அமெரிக்காவில் 1990-களின் பிற்பகுதியில் கூட்டாட்சித் துப்பறியும் துறையினர், விளையாட்டு வீரர்களின் கள்ளக் கையொப்பங்களைத் திரளாக எழுதி விற்ற கூட்டங்களைக் கண்டுபிடித்துத் தண்டனைக்கு உள்ளாக்கினர். தபாலில் வந்த கையொப்பத்திற்கு, வந்த கவரும் அதன்மேல் விழுந்த தபால் முத்திரையுமே ஒருவாறு சான்றாகும். ஆதலின் அக்கவரையும் காத்துவைத்தல் வேண்டும். அன்புடையார்போல் எழுதிக் கையொப்பம் பெற்று மறுநாளே விற்பவர் செய்யும் தீங்கு போலியினும் பெரிது. ஏமாந்த முதியவர் அடுத்த கடிதத்தைப் பிரியாமலே எறிந்துவிடுவர். அஃது உண்மை அன்பர் ஒருவருடையதாக இருத்தல் கூடும். இன்னொன்றும் கூறவேண்டும். ஒருவர் வீட்டு விலாசம் ஊர்ப்பொதுச் சொத்தன்று. அதனை அறிந்தவர் பிறர்க்குப் பரப்புதல் தகாது. சங்கத்தின் வாயிலாகவோ ஆடிய குழுவின் வாயிலாகவோ எழுதுதலே பண்பு.

சென்ற ஆண்டில் யான், ஹாக்கியில் மாநிலத்திற்காக ஆடி ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவருக்கு எழுதினேன். பழைய போட்டி மலர் ஒன்றிலிருந்து அவர் படத்தைப் பிரதிசெய்து, அதன் பின்புறத்தில் அவர் ஆடிய இடமும் போட்டியின் பெயரும் எழுதி அனுப்பியிருந்தேன். ஆறு வாரம் கழித்துக் கையொப்பத்துடன் அட்டை வந்தது. உடன் ஒரு துண்டுச் சீட்டும் இருந்தது. அப்படம் எங்கே கிடைத்தது என்றும், தம்மிடம் தம் ஆட்டக்காலப் படம் ஒன்றுமில்லையாதலால் பிரதியொன்று அனுப்பக்கூடுமோ என்றும் அவர் அதிற் கேட்டிருந்தார். கையொப்பத்தைக் கண்ட மகிழ்ச்சியினும் அச்சீட்டைப் படித்தபோது உண்டான எண்ணமே பெரிதாயிற்று. நாம் அவரிடம் ஒன்று பெறுவதாகக் கருதுகிறோம். உண்மையில் அவர் இழந்த ஒன்றை நாம் அவருக்கு மீட்டுக் கொடுத்தல் கூடும். அது முதல், அனுப்பும்போதே இரண்டு படங்கள் அனுப்புகிறேன்: ஒன்று கையொப்பமிட்டுத் திருப்புதற்கு; மற்றொன்று அவரே வைத்துக்கொள்ளுதற்கு.

நண்பர்களே! 1975-இல் கோலாலம்பூரில் உலகக் கோப்பை வென்ற இந்திய ஹாக்கிக் குழுவில் வி. ஜே. பிலிப்ஸ் ஆடினார்; 1980-இல் மாஸ்கோ ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற குழுவிற்கு வி. பாஸ்கரன் தலைமை தாங்கினார். இருவரும் தமிழ்நாட்டார். நம் மாவட்டத்துக் கோவில்பட்டியோ 'ஹாக்கிப்பட்டி' என்றே செல்லப்பெயர் பெற்ற ஊர். ஆண்டுதோறும் அங்கே நடந்துவந்துள்ள லட்சுமி அம்மாள் நினைவுப் போட்டிக்கு நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் குழுக்கள் வந்தன. அவ்வூரிலே வளர்ந்த மாரீஸ்வரன் சக்திவேலும், அங்குள்ள விளையாட்டு விடுதியிற் பயின்ற கார்த்தி செல்வமும் 2022-இல் ஜகார்த்தாவில் ஆசியக் கோப்பையில் இந்தியாவுக்காக ஆடினர். அவர்கட்கு முன் மண் தரையிலும் வெறுங்காலோடும் ஆடி, இவ்விளையாட்டை அவ்வூரில் வேரூன்றச் செய்தவர் பலர். அவர்களுக்கு அட்டை அச்சிட்ட கம்பெனி ஒன்றுமில்லை. ஆகவே அவர்களுக்குக் கையொப்பம் கேட்டு எழுதுவாரும் இலர்.

கம்பெனி செய்யாததை ஒரு கல்லூரி செய்யலாம். நம் மாணவர் பழைய போட்டி மலர்களையும் பத்திரிகைகளையும் தேடி, ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டை செய்யலாம். முன்புறம் படம், பின்புறம் பெயர், ஊர், ஆடிய இடம், ஆடிய ஆண்டு. சங்கங்களின் வாயிலாக அனுமதி பெற்று, இரண்டிரண்டாக அனுப்பலாம். வருவனவற்றைத் தேதியிட்டுப் பதிவேட்டில் எழுதி, நம் நூல்நிலையத்தில் ஓர் அலமாரியில் வைக்கலாம். செலவு பெரிதன்று, சில கட்டுக் காகிதமும் தபால் தலையுமே. வேண்டுவது காலந் தாழ்த்தாமை ஒன்றே. ஏனெனின், கைப்பேசியில் எடுத்த படம் பின்னும் எடுக்கலாம். கடைச் சரக்கைப் பின்னும் வாங்கலாம். நடுங்கும் விரல்களால் ஒரு முதியவர் தம் பெயரை எழுதுவதோ, அவ்விரல்கள் உள்ளவரையில்தான் நிகழும்.